இழுக்க ஒன்றுமில்லாத வீடு

தண்டால் எடுக்க நிலம் போதும். குந்தி எழும்பவும் நிலம் போதும். வயிற்றுக்கென்று சொல்லப்படும் பயிற்சிகள் எல்லாம் ஒரு பாயின் அகலத்துக்குள் அடங்கிவிடும். முதுகுக்கு மட்டும் நிலம் போதாது. கையை உடம்பை நோக்கி இழுக்கும்போதுதான் முதுகின் பெரிய தசைகள் முழுவதுமாக வேலை செய்கின்றன. இழுப்பதென்றால் கைக்கு அகப்படுகிற, நமது பாரத்தைத் தாங்குகிற ஏதோ ஒன்று வேண்டும். ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் பலவற்றில் அப்படி ஒன்று கிடையாது.

ஸ்காபரோவில் பேஸ்மென்ற் வீடென்றால் கூரை கைக்கு எட்டும் உயரத்திலேயே நிற்கும். அத்தகைய குடியிருப்புக்கு 1.95 மீற்றர் உயரம் இருந்தால் போதும் என்பது ஒன்ராறியோவின் கட்டட விதி. ஐந்தரை அடி மனிதர் கையைத் தூக்கினாலே உள்ளங்கை முட்டிவிடும். தொங்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுக்குமாடியில் உயரம் உண்டு, ஆனால் சுவர் நம்முடையதல்ல. துளை போட்டால் வீட்டை விட்டுப் போகும்போது கணக்குக் கேட்பார்கள். அந்தச் சுவரும் பெரும்பாலும் ட்ரைவோல்தான். படம் மாட்டிய ஆணியைப் பிடிக்கும், ஆள் பாரத்தைப் பிடிக்காது. வெளியே போகலாமென்றால், டிசம்பரிலிருந்து மார்ச் வரை பூங்காக் கம்பிகளை வெறுங்கையால் தொட முடியாத குளிர்.

இந்த நகரத்தில் பலர் இதை உணர்ந்தது கொரோனாக் காலத்தில். 2020 ஒக்ரோபர் 10ஆம் திகதி மூடிய ரொறன்ரோ ஜிம்கள் 2021 யூலை 16இல்தான் உள்ளே ஆள் எடுத்தன. ஒன்பது மாதத்துக்கு மேல். அந்தக் காலத்தில் நான் சாப்பாட்டு மேசையில் இருந்து வேலை செய்தேன். உடம்பு கெட்டுவிடக்கூடாதென்று நாள் தவறாமல் தண்டால் எடுத்தேன். நெஞ்சும் கையும் இறுகின. கூடவே இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில் ஒரு வலி வந்து உட்கார்ந்தது. பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கினால் படுக்கும் வரை போகாது. இயன்மருத்துவம் படித்த ஒரு தங்கச்சி வீடியோ அழைப்பில் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரே வசனத்தில் முடித்தாள். "அண்ணை, நீங்கள் தள்ளுறியள், தள்ளுறியள், இழுக்கிறதே இல்லை."

அந்த வசனத்தைத் தொடர்ந்து நான் வாசித்ததும், செய்து பார்த்ததும், எனக்கு ஏற்பட்ட முடிவுகளும்தான் இந்தக் கட்டுரை. முக்கியமான முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் முதுகைப் பலப்படுத்த விரும்புகிறவர் முதலில் தேட வேண்டியது புல்-அப் கம்பியை அல்ல, சாய்ந்து இழுப்பதற்கு ஒரு பிடியை.

ஊரில் இந்தக் கேள்வியே எழவில்லை. கிணற்றடியில் கப்பியும் வாளியும் இருந்தன. கப்பிக் கயிற்றை எட்டிப் பிடித்துக் கீழே இழுக்கும்போது முழங்கை விலாவை உரசிக்கொண்டு இறங்கும். அடுத்த கை மேலே போகும். இன்றைக்கு ஜிம்மில் ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான இயந்திரத்தின் முன் இருந்து கம்பியை மேலிருந்து நெஞ்சுக்கு இழுக்கிறார்களே, அதே அசைவு. குளிக்க, துவைக்க, கன்றுக்கு வைக்க, பூமரத்துக்கு ஊற்ற என்று ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு எத்தனை வாளி! கடற்கரைப் பக்கம் கரைவலையின் வடத்தை வரிசையாய் நின்று பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். பனையேறுகிறவர் தன் முழுப் பாரத்தையும் கையாலும் காலாலும் மரத்தில் ஏற்றினார். தேர்வடம் பிடித்தோம். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் கடைசி நிகழ்ச்சியாகக் கயிறிழுத்தோம். கயிறு என்ற ஒன்று வாழ்க்கையில் இருந்தது.

இதைச் சொல்லும்போது அந்த உழைப்பை நான் கொண்டாடவில்லை. கரைவலை இழுத்தவர்களில் நாற்பது வயதில் நாரி பிடித்துக் கூனிப்போனவர்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாரத்தை அவர்கள் தெரிவு செய்யவில்லை. ஓய்வையும் தெரிவு செய்ய முடியவில்லை. பயிற்சிக்கும் உழைப்புக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். பயிற்சியில் எவ்வளவு, எப்போது, எங்கே நிறுத்துவது என்பது நம் கையில். ஆனாலும் ஒன்று உண்மை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து எங்கள் முதுகு செய்துவந்த ஒரு வேலை சத்தமில்லாமல் நின்றுபோனது. அதற்குப் பதிலாக ஒன்றும் வைக்கப்படவில்லை.

கனடாவின் வீட்டுப் பயிற்சி மரபிலும் அந்த இடம் வெற்றிடம்தான். 1950களின் கடைசியில் கனடிய விமானப்படைக்காக பில் ஓர்பன் என்பவர் 5பிஎக்ஸ் என்ற திட்டத்தை உருவாக்கினார். தொலைதூர வடக்கு முகாம்களில் ஜிம் இல்லாத விமானிகளுக்கு, கருவி எதுவும் வேண்டாம், நாளுக்கு 11 நிமிடம், ஐந்து பயிற்சிகள். பெண்களுக்கு 12 நிமிடத்தில் பத்துப் பயிற்சிகளாக எக்ஸ்பிஎக்ஸ். சிறு புத்தகமாக அச்சிடப்பட்டு உலகமெங்கும் இலட்சக்கணக்கில் விற்றது. வீட்டுக்குள் செய்யும் உடற்பயிற்சிக்கு இந்த நாடு உலகுக்குக் கொடுத்த பெரிய கொடை அது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த ஐந்தையும் பாருங்கள்: குனிந்து நிமிர்தல், படுத்து எழும்புதல், குப்புறப் படுத்துத் தலையும் காலும் தூக்குதல், தண்டால், நின்ற இடத்தில் ஓடுதல். இழுப்பு ஒன்றுகூட இல்லை. கருவி வேண்டாம் என்று முடிவு செய்த அந்தக் கணத்திலேயே இழுப்பு வெளியே போய்விட்டது.

எங்கள் பக்கமும் அப்படித்தான். தண்டாலும் பஸ்கியும் தள்ளுகிற பயிற்சிகள். சூரிய நமஸ்காரம் முதுகை வளைக்கிறது, நீட்டுகிறது, இழுக்க வைப்பதில்லை. விதிவிலக்கு என்றால் மல்லர் கம்பமும் அதன் கயிற்று வடிவமும். பி. கே. எஸ். ஐயங்காரின் யோக மரபில் சுவரில் கயிறு கட்டிச் செய்வதையும் சொல்லலாம். இரண்டுக்கும் ஒரு கம்பமோ கயிறோ தேவைப்பட்டதைக் கவனியுங்கள்.

முதுகு என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தசைகள் இருக்கின்றன. பிடரியில் தொடங்கி இரண்டு தோளுக்கும் விரிந்து நடுமுதுகில் கூராக முடியும் ட்ரபீசியஸ். இரண்டு பக்கத்தையும் சேர்த்து வரைந்தால் பட்டத்தின் வடிவம் வரும். அதன் அடியில், முள்ளந்தண்டுக்கும் தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் ரொம்பொயிட். எனக்கு நொந்தது அந்த இடம்தான். எல்லாவற்றிலும் அகன்றது லற்றிசிமஸ் டோர்சி. அது இடுப்பெலும்பின் விளிம்பிலும் முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியிலும் கடைசி விலாக்களிலும் வேர்விட்டு, அக்குள் வழியாக ஏறி மேற்கை எலும்பில் முடிகிறது. கையையும் இடுப்பையும் நேரே இணைக்கும் தசை இது. அதனால்தான் கையால் ஒன்றை உறுதியாக இழுத்தால் நாரி வரைக்கும் இறுக்கம் தெரிகிறது. முள்ளந்தண்டின் இரு கரையிலும் கயிறுபோல் ஓடும் நிமிர்த்தும் தசைகள் வேறு. அவற்றின் வேலை ஒருதரம் பலமாக இழுப்பதைவிட, நாள் முழுவதும் விடாமல் பிடித்து வைத்திருப்பது.

எந்த இழுப்பு நல்லது என்ற கேள்விக்கு, ரொறன்ரோவிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் ஒரு விடை கிடைத்திருக்கிறது. வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் முள்ளந்தண்டின் இயக்கவியலை ஆராய்ந்தவர் ஸ்ருவேர்ட் மக்கில். அவரும் சக ஆய்வாளர்களும் 2009இல் மூன்று விதமான இழுப்பை ஒப்பிட்டார்கள். முதலாவது, குனிந்து நின்று பாரக்கம்பியை வயிற்றை நோக்கி இழுப்பது. இரண்டாவது, நின்றபடி ஒற்றைக் கையால் கேபிளை இழுப்பது. மூன்றாவது, கம்பிக்குக் கீழே மல்லாந்து தொங்கி நெஞ்சைக் கம்பிக்குக் கொண்டுபோவது. குனிந்து இழுப்பதில் தசைகள் நன்றாக வேலை செய்தன, ஆனால் நாரியில் விழுந்த சுமையும் அதில்தான் ஆகக் கூட. மல்லாந்து இழுப்பதில் அகன்ற முதுகுத்தசையும் மேல்முதுகும் பிட்டத் தசைகளும் ஆகக் கூடுதலாக முறுகின. நாரியின் சுமையோ குறைவு. பரிசோதிக்கப்பட்டவர்கள் ஒரு சில ஆரோக்கியமான ஆண்கள் மட்டுமே என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் காரணம் விளங்கக்கூடியது. குனிந்து நிற்கும்போது மேலுடம்பின் பாரமும் கம்பியின் பாரமும் ஒரு நெம்புகோலைப் போல நாரியில் இறங்குகின்றன. மல்லாந்திருக்கும்போது ஒரு முனையில் கை, மறுமுனையில் குதிக்கால். உடம்பு இரண்டுக்கும் நடுவே பாலமாக நிற்கிறது.

இந்த இழுப்பின் இன்னொரு நன்மை, பாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் எந்தக் கருவியும் வேண்டாம் என்பது. பாதத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. தொங்குபட்டி கொண்டு அளந்த ஓர் ஆய்வில், நிலத்துக்கு 75 பாகைச் சாய்வில் நின்றபோது உடற்பாரத்தின் 37 சதவீதமளவு கைக்கு வந்தது. 30 பாகைக்குச் சாய்ந்தபோது 79 சதவீதமளவு. எழுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் ஒரே கதவில், ஒரே துணியில், தங்கள் தங்களுக்குரிய பாரத்தோடு பயிற்சி செய்யலாம். புல்-அப்பில் இது முடியாது. அங்கே முழுப் பாரத்தையும் தூக்கு, அல்லது சும்மா தொங்கு. ஆரம்பத்திலேயே கம்பியை வாங்கிப் பூட்டி, ஒன்றுகூடத் தூக்க முடியாமல் அதில் ஜக்கெற் கொழுவிவைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. தவறான படியில் காலை வைத்தவர்கள்.

இதெல்லாம் தோற்றத்துக்காக என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஹமில்ரனில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தவர் முன்னின்று நடத்திய பியூர் ஆய்வு 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரின் கைப்பிடி வலிமையை அளந்தது. இந்தியாவும் அதில் உண்டு. பிடி 5 கிலோ குறைவாக இருக்கும் ஒவ்வொரு படிக்கும், எந்தக் காரணத்தாலும் இறக்கும் அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது என்று 2015இல் வெளியிட்டார்கள். பிடியைப் பலப்படுத்தினால் ஆயுள் கூடும் என்று அதற்குப் பொருளில்லை. உடம்பின் மொத்தப் பலத்தையும் பிடி காட்டிக்கொடுக்கிறது என்றுதான் பொருள். மேற்குக் கரையில் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தின் ஸ்கொட் லியரும் குழுவினரும் கண்டது எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. தெற்காசியர்களின் உடம்பில் ஐரோப்பியர்களைவிடக் கொழுப்புக் கூட, தசை குறைவு. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. எங்கள் வீடுகளில் நீரிழிவு எப்படி நிற்கிறதென்பது எல்லோருக்கும் தெரியும். தசை எங்களுக்கு அலங்காரமல்ல. சீனியை எரிக்கும் அடுப்பு அது. அந்த அடுப்புகளில் பெரியவை காலிலும் முதுகிலும் இருக்கின்றன.

இனி வீட்டுக்குள் வருவோம். என் முதற் கருவி ஒரு பழைய பருத்திப் பெட்சீற். சாரத்தில் செய்யப் பார்த்தேன். தையலில் பிரிந்துவிடும் என்று பயந்து விட்டுவிட்டேன். பெட்சீற்றை நீளவாக்கில் முறுக்கி, ஒரு முனையில் இரண்டு மூன்று முடிச்சை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத் தேங்காயளவு பருமனாக்க வேண்டும். முடிச்சைக் கதவுக்கு அந்தப் பக்கம், மேல்விளிம்புக்கு அப்பால் விட்டுக் கதவைச் சாத்த வேண்டும். இங்கேதான் கவனம். கதவு உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்கிற கதவாக இருக்க வேண்டும். அப்போதுதான் நீங்கள் இழுக்க இழுக்க அது நிலையோடு அழுந்தும். உங்கள் பக்கம் திறக்கிற கதவென்றால் உங்கள் முழுப் பாரத்தையும் அந்தச் சின்னத் தாழ்ப்பாள் நாக்கு மட்டும்தான் தாங்கும். படுக்கையறைக் கதவு வழக்கமாக அறைக்குள் திறக்கும். ஆகவே நீங்கள் நிற்க வேண்டியது வெளியே, நடையில். அறைக்குள் யாரும் இருந்தால் சொல்லிவைக்க வேண்டும். ஒருநாள் நான் முடிச்சைச் சிறிதாகப் போட்டுவிட்டேன். மூன்றாவது தரம் சாய்ந்தபோது அது கதவிடுக்கால் வழுகி வந்துவிட்டது. பிட்டம் அடிபட விழுந்தேன்; ஒரு கிழமை இருக்க எழும்பக் கஷ்டம். அன்றிலிருந்து முழுதாகச் சாய்வதற்கு முன் இரண்டு தரம் அரைப் பாரத்தில் இழுத்துப் பார்க்காமல் தொடங்குவதில்லை.

துணியின் மறுமுனையை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்து, பாதத்தைக் கதவுக்குக் கிட்ட வைத்து, உடம்பைப் பலகைபோல் நேராக்கிப் பின்னால் சாய வேண்டும். இழுப்பு கையில் தொடங்கக்கூடாது. முதலில் தோள்பட்டை எலும்புகள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கிப் பின்னே போக வேண்டும். அதன் பிறகு முழங்கை மடங்கி விலாவை ஒட்டிப் பின்னே போக வேண்டும். மேலே வந்ததும் ஒரு கணம் நின்று, மூன்று எண்ணும் வரை மெல்லப் பின்னால் இறங்க வேண்டும். தோளைக் காதுக்குத் தூக்கி இழுத்தால் வேலை பிடரிக்குப் போய்விடும். எனக்கு முதல் இரண்டு கிழமை அதுதான் நடந்தது. நடைச் சுவரில் ஒரு கண்ணாடி இருந்தால் பக்கவாட்டில் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

அடுத்த படி சாப்பாட்டு மேசை. கீழே மல்லாந்து படுத்து, விளிம்பைப் பிடித்து, முழங்காலை மடித்துப் பாதத்தை ஊன்றி, நெஞ்சை மேசைக்குக் கொண்டுவருவது. இது கதவைவிடப் பாரம். மரமேசை, அகலமான கால், நடுவில் ஒரு ஆள் பாரம் தாங்குவது என்றால் நல்லது. கண்ணாடி மேசை, நடுவில் ஒற்றைக்கால் மேசை, இழுத்து நீட்டுகிற மேசை எதுவும் கூடாது. ஒரு பக்கத்து விளிம்பில் தொங்கினால் மறுபக்கம் கிளம்புமா என்று முதலில் பாருங்கள். கிளம்பினால் மறுபக்கத்தில் அரிசி மூட்டையை ஏற்றி வைக்கலாம், அல்லது மேசையை மறந்துவிடலாம். இரண்டு கதிரைக்கு நடுவே தும்புத்தடியை வைத்துத் தொங்கும் வழியைப் பலர் காட்டுகிறார்கள். அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். தடி முறிந்தால் விழுவது பின்தலை.

ஒரு பிடியும் இல்லாதவருக்கு வழுக்கும் நிலம் உதவும். லமினேற் நிலத்தில் குப்புறப் படுத்து, கைகளை முன்னே நீட்டி உள்ளங்கைக்கு அடியிலும், வயிற்றுக்கு அடியிலும் துவாயை வைத்து, கைகளை நிலத்தில் அழுத்தி உடம்பை முன்னே இழுத்துக்கொண்டு போவது. பார்க்க எளிதாகத் தெரியும்; நாலு தரத்தில் அக்குளுக்குக் கீழே நெருப்புப் பிடிக்கும். கார்பெற் போட்ட அறையில் இது நடக்காது. குப்புறப் படுத்துக் கைகளை மட்டும் அங்குலக் கணக்கில் மேலே தூக்கிப் பிடிப்பதும் நடுமுதுகுக்கு நல்லது. முகத்தை நிலத்தைப் பார்க்க வைத்து, காலைத் தூக்காமல் செய்ய வேண்டும். காலையும் சேர்த்துத் தூக்குவது 5பிஎக்ஸின் மூன்றாவது பயிற்சி; மக்கிலின் அளவீட்டில் அந்த நிலையில் முள்ளந்தண்டில் விழும் அமுக்கம் 6000 நியூட்டனுக்கு மேல், அதாவது 600 கிலோப் பாரத்துக்குச் சமம். வேலைத்தலத்தில் பாரம் தூக்குவதற்கு அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வைத்த வரம்பு 3400 நியூட்டன்.

இவை பழகிய பிறகு, உயரமும் இடமும் இருந்தால், கம்பி. வாசல்நிலையில் கொழுவும் வகை துளை கேட்காது. ஆனால் நிலைச்சட்டம் உண்மையான மரமா என்று தட்டிப் பார்த்து வாங்குங்கள். முதலில் தொங்குதல் மட்டும். பத்து விநாடி, இருபது விநாடி. பிறகு கையை மடிக்காமல் தோளை மாத்திரம் கீழே இறக்கி உடம்பை ஒரு அங்குலம் உயர்த்துதல். அதற்கும் பிறகு கதிரையில் ஏறி நாடியைக் கம்பிக்கு மேலே வைத்து, காலை எடுத்துவிட்டு, ஐந்து எண்ணும் வரை இறங்குதல். தூக்க முடியாத பாரத்தைக்கூடத் தசையால் மெல்ல இறக்க முடியும். அப்படி இறக்கி இறக்கித்தான் தூக்கும் பலம் வருகிறது. அவசரப்பட்டால் முழங்கையின் உட்பக்கத்தில் நரம்பு இழுத்தது போல ஒரு நோ வரும். வந்தால் இரண்டு கிழமை கதவுக்குத் திரும்பிப் போங்கள்.

எவ்வளவு செய்வது? 2020 ஒக்ரோபரில் வெளியான கனடிய 24 மணி நேர அசைவு வழிகாட்டி, வளர்ந்தவர்கள் கிழமைக்கு இரண்டு தரமாவது பெரிய தசைகளைப் பலப்படுத்த வேண்டும் என்கிறது; இருந்த இருப்பு நாளுக்கு எட்டு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது. வீட்டில் பாரம் போதாதே என்ற கவலைக்கும் மக்மாஸ்டரில் பதில் இருக்கிறது. அங்கே ஸ்ருவேர்ட் பிலிப்ஸின் ஆய்வுகூடத்தில் 2012இல் இளைஞர்களை 10 கிழமை பயிற்றுவித்தார்கள். ஒருதரம் தூக்கக்கூடிய உச்சப் பாரத்தில் 80 சதவீதத்தைத் தூக்கியவர்களுக்கும் வெறும் 30 சதவீதத்தைக் களைக்கும் வரை தூக்கியவர்களுக்கும் தசை ஏறக்குறைய ஒரேயளவு வளர்ந்தது. அது தொடையில் செய்த சோதனை. முதுகுக்கு வேறு விதி இருக்க நியாயமில்லை. அதாவது பாரம் சிறிதாகலாம், களைப்புச் சிறிதாகக்கூடாது. கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் மூன்று சுற்று, இன்னும் இரண்டு தரம் செய்யலாம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்துவது என்று நான் வைத்துக்கொண்டேன். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். ஒரு சுற்றில் பதினைந்து தரம் இலகுவாக வந்தால் பாதத்தை ஓரடி முன்னே தள்ளுவேன்.

நாரி நோ உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதுகென்றதும் பலர் கேட்பது அதைத்தான். 2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு நாரி நோ இருந்ததாகக் கணக்கு. நோவாஸ்கோசியாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜில் ஹேடன் தலைமையில் 2021இல் வந்த கொக்ரேன் மீளாய்வு 249 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. நாட்பட்ட நாரி நோவுக்கு உடற்பயிற்சி, சும்மா இருப்பதைவிடப் பெரும்பாலும் நல்லது. 100க்கு எடுத்த வலிப் புள்ளியில் சராசரியாக 15 குறைந்தது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் பயிற்சியைச் சொல்லி, இடுப்புப் பட்டியையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. எங்கள் வீடுகளில் அலுமாரிக்குள் ஒரு நாரிப் பெல்ற் இல்லாத வீடு குறைவு என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். ஆனாலும் இழுப்புப் பயிற்சி நாரி நோவுக்கு மருந்தென்று நான் சொல்லமாட்டேன். நல்ல துணை, அவ்வளவுதான். நாரிக்குத் தேவைப்படுவது பலத்தைவிடத் தாங்குதிறன். டென்மார்க்கில் பீரிங்-சோரென்சன் 1984இல் காட்டியது அதுதான்: முதுகை நேராகப் பிடித்து நெடுநேரம் தாங்கக்கூடிய ஆண்களுக்கு அடுத்த ஆண்டில் முதல் நாரி நோ வருவது குறைவாக இருந்தது. மக்கில் தெரிந்தெடுத்த மூன்று பயிற்சிகளும் தாங்குவதற்கானவையே. ஒரு முழங்காலை மடித்து மல்லாந்து தலையையும் தோளையும் மட்டும் சற்றே உயர்த்துவது. பக்கவாட்டில் முழங்கையில் நிற்பது. நாலு காலில் நின்று ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டுவது. ஒவ்வொன்றும் பத்து விநாடி. கதவில் இழுப்பதற்கு முன் இவற்றைச் செய்துவிட்டுத் தொடங்கினால் நாரி சொன்னபடி கேட்கிறது.

இந்த நகரத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு வரலாறும் உண்டு. எலும்பு அறுவை மருத்துவர் ஹமில்ரன் ஹோல் 1974இல் ரொறன்ரோவில் கனடிய முதுகு நிலையத்தைத் தொடங்கினார். நோயாளியைப் படுக்க வைப்பதற்குப் பதிலாகத் தன் முதுகைப் பற்றி அவருக்குக் கற்பிப்பதே அதன் வழி. அந்த யோசனை இன்று இன்னும் அவசியமாகியிருக்கிறது, ஏனெனில் 2005க்குப் பிறகு ஒன்ராறியோவில் வேலை செய்யும் வயதினர் பெரும்பாலோருக்கு ஓஹிப் என்ற மாகாண மருத்துவக் காப்புறுதி இயன்மருத்துவச் செலவைக் கொடுப்பதில்லை. 65 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும், 19 வயதும் அதற்குக் குறைந்தவர்களும், சமூக உதவியில் இருப்பவர்கள், வைத்தியசாலையில் இரவு தங்கி வந்தவர்கள் ஆகியோருக்கு உண்டு. வேலைத்தலக் காப்புறுதி இல்லாத ஒரு களஞ்சியத் தொழிலாளிக்கு இல்லை. பாரம் தூக்குகிறவர் அவர்தான். ஆனால் முதுகைத் தானே பார்த்துக்கொள்வதற்கும் ஓர் எல்லை உண்டு. கால் விறைத்துப் பலம் இழந்தாலோ, சலம் மலம் கட்டுப்படாமல் போனாலோ, இரண்டு தொடைக்கும் நடுவில் உணர்ச்சி குறைந்தாலோ பயிற்சியைப் பற்றி யோசிக்கவே கூடாது, உடனே வைத்தியசாலை. காய்ச்சலோடு வரும் நோவுக்கும், விழுந்தபின் வரும் நோவுக்கும் மருத்துவர் பார்க்க வேண்டும். போவதா வேண்டாமா என்று தெரியாத நேரத்தில் 811ஐ அழைத்தால் எந்த நேரமும் ஒரு தாதியோடு இலவசமாகப் பேசலாம்.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இழுத்துவிட்டு வெறும் சோற்றோடு படுத்தால் தசை கட்டப்படாது. பிலிப்ஸ் குழுவினர் 2018இல் 49 ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டது, பயிற்சி செய்கிறவருக்கு உடற்பாரத்தில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் வரை பயன் தருகிறது என்பதே. 70 கிலோக்காரருக்கு 112 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கப் வெந்த பருப்பில் 18 கிராம், 100 கிராம் மீனில் இருபது சொச்சம். எங்கள் தட்டில் சோற்றுக்கும் கறிக்கும் உள்ள விகிதத்தைத் திருப்பினால் மாவும் டப்பாவும் வாங்கத் தேவை வராது. சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் திருப்ப வேண்டும்.

போன மாரியில் அம்மா எங்களோடு வந்து நின்றா. எழுபத்தொரு வயது. கதவில் சாய அவவுக்குப் பயம். கதிரையில் இருத்தி, நீட்டிய காலின் பாதத்தில் துவாயைச் சுற்றிக் கொடுத்து, பாதம் தள்ளக் கை இழுக்கட்டும் என்றேன். இரண்டு கையையும் சேர்த்து இழுக்கச் சொன்னால் அவ சேர்க்கவில்லை. ஒரு கை வர மற்றக் கை போனது, அது வர இது போனது. துவாய் அவவின் பிடிக்குள் ஏறிக்கொண்டே வந்தது. "என்னம்மா செய்யிறியள்?" என்றேன். "தண்ணி அள்ளுறன்" என்றா. நான் திருத்தவில்லை. தோள் கீழேயும் முழங்கை விலாவோடும் இருந்தன, இரண்டு கிழமை கண்ணாடிக்கு முன் நின்று நான் பழகியது போல.

எனக்கு நடுமுதுகு வலி மூன்றாம் மாதத்தில் குறைந்தது. இப்போது பின்னேரம் நாலு மணி வந்தால் எனக்கு ஞாபகம் வருவது அதுவல்ல, தேத்தண்ணிதான். கதவில் 15 தரம் என்பது மேசையில் 8 தரமாகி, கம்பியில் மெல்ல இறங்குவதாகி, சென்ற வைகாசியில் பூங்காக் கம்பியில் ஒருதரம் முழுதாக ஏறினேன். இன்னும் கிழமைக்கு இரண்டு நாள் கதவுக்குத்தான் போகிறேன். இலகுவானது என்பதற்காக அல்ல, நாரி அதைத்தான் விரும்புகிறது. நடைப்பக்கம் கதவின் மேல்விளிம்பில், துணி உரசிய இடத்தில் ஓரடி நீளத்துக்குப் பெயின்ற் போய் அடிமரம் தெரிகிறது. வாடகை வீடு. அதே வெள்ளை நிறத்தில் ஒரு சின்னப் பேணி பெயின்ற் வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன், வீடு மாறும் நாளைக்கு.